இதர அசையும் சொத்து

திருத்துறைப்பூண்டி கோர்ட்டு எதிரில்
புங்கமரத்தடியில் தட்டச்சு மேசை.
உத்திராபதிக்கு நான்கு வேட்புமனு அடித்தவன் நான்.
முதல் மூன்று என் பழைய மெஷினில்.
அதில் 'ழ' விழாது.
'உறுதிமொழி' வரும் இடமெல்லாம்
பேனாவால் போட்டுக் கொடுப்பேன்.

முதல் தடவை வந்தபோது
சட்டைக் கையில் சாணி காய்ந்திருந்தது.
ஊராட்சித் தலைவர் பதவி, ஒற்றைத் தாள்.
"மாட்டையும் எழுதிக்குங்க."
அதுக்கு இடம் இல்லீங்க.
"பின்னாடி எழுதுங்க. நூத்திப் பதினாலு.
கன்னு சேக்காம."
பின்னால் அடித்தேன்.
வாங்கிய அதிகாரி தாளைத் திருப்பவே இல்லை.

தை அறுப்பு முடிந்தால்
தலைஞாயிறிலிருந்து வாய்மேடு வரைக்கும்
எந்த வயலில் எந்த ராத்திரி கிடை என்பது
அவர் வாயில் இருந்தது.
ராத்திரிக்கு இத்தனை மரக்கால் என்று கணக்கு.
கடன் சொன்னவன் வயலிலும் மாடு படுக்கும்.
சொன்னவனுக்கு அது மறக்காது.
எதிர்த்து நின்ற மிராசு பணம் கொடுத்தார்.
இவர் ஏழு வருஷமாய்ச் சாணி கொடுத்திருந்தார்.
எழுபத்திரண்டு ஓட்டு வித்தியாசம்.

உம்பளச்சேரி மாடு
செம்பழுப்பாய்ப் பிறந்து எட்டு மாசத்தில் சாம்பலாகும்.
"நிறம் மாறாத கன்னு எங்க பட்டியில கிடையாது"
என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கினார்,
கட்சி மாறிய அன்றைக்கு.

அந்தியில் படல் திறப்பில் நின்று
ஜோடி ஜோடியாய் எண்ணிப் பழகிய கண்.
கூட்டத்தையும் அப்படித்தான் எண்ணுவார்.
"நாளைக்கு மூவாயிரம்னு போடுவான்.
எண்ணூத்தி அறுவது. அதுல எரநூறு
பிரியாணிக்கு வந்தது."

ஒன்றியத் தலைவரானார்.
மேய்ச்சல் புறம்போக்கு நாற்பது ஏக்கர்
இறால் குட்டைக்குப் போனது அப்போதுதான்.
தீர்மானப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன்.
'மாடு எங்க மேயும்?' என்று அவர் கேட்டது பதிவாகியிருக்கிறது.
மூன்று விரற்கடை கீழே
அவர் கையெழுத்தும் இருக்கிறது.

அடுத்து சட்டசபை.
ஆட்சி ஆடியபோது
பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்
கடலோர விடுதியில் அடைத்தார்கள்.
போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாசலில் ஆள்.
தண்ணி காட்டினார்கள், தீனி வைத்தார்கள்.
ராத்திரி டார்ச் அடித்துத் தலை எண்ணினார்கள்.
எண்ணத் தெரியாதவன் எண்ணினான் என்பதுதான்
அவருக்குப் பெரிய குறை.

ஓடப்போகிற மாடு
முதல் நாளே திறப்புப் பக்கம் சாயுமாம்.
மூன்று பேர் சாய்ந்தார்கள்.
இரண்டு பேரைத் தலைமையிடம் சொன்னார்.
வாரியம் ஒன்று கிடைத்தது, சுழல்விளக்கு வண்டியோடு.
மூன்றாமவன் விடியற்காலை சுவரேறிப் போனான்.
அவனையும் பார்த்திருந்தார்.
ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

நான்காவது மனுவுக்கு வந்தார், போன தேர்தலில்.
இருபத்தாறு பக்கம்.
இப்போது கணினி, 'ழ' தானாகவே விழுகிறது.
வண்டி மூன்று, நகை, மன்னார்குடியில் வணிக வளாகம்,
வழக்கு இரண்டு, நிலுவையில்.
'இதர அசையும் சொத்து' என்ற கட்டத்தில்
விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எதிர்ச்சுவரில் பசை காயாத அவர் போஸ்டரை
ஒரு சாம்பல் பசு உரித்துத் தின்றுகொண்டிருந்தது.
கொம்பு தீய்த்த தலை. நெற்றியில் வெள்ளை.
வலது காது மடலில் முக்கோண வெட்டு.
அந்த வெட்டு யாருடையது என்று
தாலுகாவுக்கே தெரியும்.

"ஒண்ணுன்னு அடிக்கட்டுங்களா?"

பதில் இல்லை.
டிரைவர் கல்லெடுத்தான். "வுடுடா" என்றார்.
அது அவர் முகத்தை முடித்துவிட்டு
சின்னத்துக்கு வந்திருந்தது.